உன் தம்பி எங்கே, காபீலே?

என் மச்சான் ரஷ்வானுக்கு எங்கள் ஊரில் யாரும் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். வெங்காயம் நறுக்கக் கேட்டாலும் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார்கள். இத்தனைக்கும் அவன் ஒரு கோழியைக்கூட அறுத்தவன் இல்லை. பெருநாளன்று ஆடு அறுக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிற ஆள். ஆனால் பாட்டில் அவன் காபீல். ஆதமின் மூத்த மகன், உலகத்தின் முதல் கொலைகாரன். முப்பத்தொரு வருடம் ஊர் ஊராகப் போய்த் தன் தம்பியைக் கல்லால் அடித்துக் கொன்றவனிடம் கத்தி கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

எஸ்னாவுக்குத் தெற்கே, நைலின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் கிராமங்களில், தகப்பன் இறந்து நாற்பதாம் நாள் பிள்ளைகள் நிலத்தைப் பிரிப்பார்கள். பிரிப்பதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுவார்கள். வாசலில் பாய் விரித்து, முறைத்துக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளை முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, காபீல் ஹாபீல் பாட்டைப் பாடச் சொல்வார்கள். பொறாமைப்பட்டவனைப் படைத்தவன் என்ன பாடு படுத்தினான் என்று பார்த்துவிட்டு அப்புறம் வரப்பைப் பற்றிப் பேசட்டும் என்பது ஏற்பாடு. பலன் பாதிக்குப் பாதி. மீதிப் பாதி வீடுகளில் நாங்கள் பாடி முடிப்பதற்குள் முன்வரிசையிலேயே அடிதடி ஆரம்பித்துவிடும்.

பாட்டின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இருவரும் காணிக்கை வைக்கிறார்கள். வானத்து நெருப்பு தம்பியின் கிடாயை எடுத்துக்கொள்கிறது, அண்ணனின் கோதுமையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் கல்லை எடுக்கிறான். தம்பி செத்துப்போகிறான். அதற்கு முன்னால் பூமியில் யாரும் செத்ததில்லை என்பதால், பிணத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. முதுகில் தூக்கிக்கொண்டு அலைகிறான். கடைசியில் இறைவன் ஒரு காகத்தை அனுப்புகிறான். அது மண்ணைக் கிளறிக் காட்ட, அவன் தம்பியை மூடி மறைக்கிறான். கிறிஸ்தவத் தெருவில் பாடும்போது காபீல் என்பதைக் காயீன் என்று மாற்றிக்கொள்வோம். கல் அதே கல்தான், காய்ந்த சுரைக்குடுக்கைக்குச் சாம்பல் பூசியது.

ரஷ்வான் காபீல். அவன் தம்பி பகீத் ஹாபீல். நான் ஷாஸ்லி. பாதிப் பாட்டு வரைக்கும் தப்பு அடிப்பேன். அப்புறம் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு எங்காவது மறைந்து நிற்பேன். நான்தான் காகம். என் தங்கை வதீதாவை ரஷ்வானுக்குக் கட்டிக்கொடுத்ததால் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. நல்ல வேலை. வசனம் கிடையாது, யாரையும் தூக்க வேண்டியதில்லை.

இந்தப் பாட்டு ரஷ்வானின் தகப்பனாருடையது. அவர் தனியாளாகப் பாடிக்கொண்டிருந்தார். ஹாபீலுக்குப் பதிலாக ஒரு தவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவார். பிள்ளைகள் வளர்ந்ததும் இருவரையும் பாடச் சொல்லிக் கேட்டார். பகீத்துக்குப் பேரீச்சம்பாகு மாதிரிக் குரல். ரஷ்வானுக்கு ஏற்றம் இறைக்கிற சத்தம். கிழவர் யோசிக்கவே இல்லை.

"நல்ல குரலு சீக்கிரம் சாவணும். அப்பத்தான் சனங்க ஏங்குவாங்க. கரகரன்னு இருக்கறவன்தான் கடைசிவரைக்கும் கெடந்து அல்லாடணும்" என்றார்.

அதோடு மூன்று சட்டம் போட்டார். காகம் வருவதற்கு முன்னால் பிணம் தரையைத் தொடக் கூடாது. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்வதற்கு முன்னால் மண் போட்டாக வேண்டும், பாட்டில் செத்தவனானாலும் இரவு தங்க வைக்கக் கூடாது. மூன்றாவது, இந்தப் பாட்டை வீட்டுக்குள் முணுமுணுக்கக்கூடக் கூடாது, ஒத்திகை என்ற பேச்சே இல்லை. கொலையை யாராவது வீட்டுக்குள் பழகுவார்களா? இந்த மூன்றாவது சட்டம்தான் பின்னால் எங்கள் கழுத்தை அறுத்தது.

ரஷ்வானின் பிழைப்பைச் சொல்கிறேன், கேளுங்கள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பாட்டு தொடங்கும். கொஞ்ச நேரத்தில் பகீத் இரண்டு பாட்டை உருகி உருகிப் பாடிவிட்டுச் செத்துப்போவான். பெண்கள் மாடியில் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள். பகீத்தை வெள்ளைத் துணியில் சுற்றுவோம். ரஷ்வான் அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தை ஏழு சுற்று வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாட்டு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கூட்டம் முழுக்க எழுந்து நின்று கேட்கும்: "காபீலே, உன் தம்பி எங்கே?" இறைவனின் கேள்வியைத் தனியாளாகக் கேட்க எவனுக்கும் தகுதி இல்லை என்பதால் ஊரே சேர்ந்து கேட்கிற வழக்கம். அதற்கு ரஷ்வான் பாடுவான்:

*என் தோளில் இருக்கிறான், எடையாய் இருக்கிறான்,*
*பேர்சொல்லிக் கூப்பிட்டால் பேசாமல் இருக்கிறான்.*

அவன் சுற்றிவர, சனங்கள் ஹாபீலின் ஆன்மாவுக்கென்று பிணத்தின் துணி மடிப்பில் தின்பண்டம் வைப்பார்கள். வறுத்த புறா, நெய் அப்பம், பேரீச்சை, கரும்புத் துண்டு. பிணத்தின் மேல் விழுந்தது பிணத்துக்கு. பகீத் துணிக்குள்ளேயே மென்றுகொண்டிருப்பான். மென்று முடித்ததும் தூங்கிவிடுவான். முதல் சுற்று முடிவதற்குள் குறட்டை கேட்கும். அதை மறைக்க நான் தப்பைக் கொஞ்சம் பலமாக அடிப்பேன்.

"தவிட்டு மூட்ட எவ்வளவோ தேவல மச்சான். அது தின்னாது, கொறட்ட விடாது, வருஷத்துக்கு வருஷம் கனக்காது" என்பான் ரஷ்வான்.

கனத்துத்தான் போனான் பகீத். பதினெட்டு வயதில் ஈர்க்குச்சியாக இருந்தவன், நாற்பதில் என் அங்கி இரண்டைச் சேர்த்துத் தைத்தாலும் போதாத அளவுக்கு ஆகிவிட்டான். ரஷ்வான் நேர்மாறு. நெஞ்செலும்பை எண்ணிவிடலாம். சுற்றிவரும்போது பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் முதுகில் இருப்பவனைத் திட்டுவான். "தின்னிப்பயலே, புறா எண்ணெய் என் கழுத்துல வழியுதுடா." பிணம் பதில் சொல்லக் கூடாது. சொன்னதும் இல்லை.

திட்டுவதற்கும் காரணம் இருந்தது. சந்தைக்குப் போனால் பகீத்தை எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். "பாவம், எவ்வளவு நல்லவன், இவனப் போயிக் கொன்னானே" என்று கிழவிகள் அவன் கன்னத்தை வழிப்பார்கள். ரஷ்வான் தனியாகப் போனால் போதும், கரும்பு வண்டிக்காரன் முதல் தேநீர்க் கடைக்காரன் வரை ஒரே கேள்வி: "ரஷ்வான், உன் தம்பி எங்க?" ஒரு முறை வெளியூர்க்காரர் ஒருவர் படகுத்துறையில் அவன் காலடியில் காறித் துப்பிவிட்டு, "உன்னயில்ல, அவனத்தான்" என்று மரியாதையாக விளக்கம் சொன்னார். பள்ளிவாசலில் சாட்சி சொல்லப் போனால் மற்றவர்களுக்கு ஒரு சத்தியம், இவனுக்கு இரண்டு. இரட்டைப் பிள்ளை பெற்றவள் இவனைக் கண்டால் தொட்டிலை மூடுவாள்.

அவன் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் தேநீரைக் குடித்துவிட்டு என் தங்கையிடம் கேட்டாள், "எல்லாம் சரிதான் வதீதா. நாளைக்கி எங்களுக்கு என்ன உத்தரவாதம்?"

வதீதா சும்மா இருக்கிறவளா? "எங்க வீட்டுக்காரர் கொன்னவரு இப்பத்தான் பின்கட்டுல மூணாவது ரொட்டி தின்னுக்கிட்டு இருக்காரு. வேணும்னா கூப்பிட்டு விசாரிச்சுக்கிடுங்க" என்றாள். சம்பந்தம் முறிந்தது. அந்தப் பெண்ணுக்குப் பிறகு நல்ல இடம் அமைந்தது என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு மாலை கால்வாய்க் கரையில் உட்கார்ந்து ரஷ்வான் மனதைத் திறந்தான்.

"ஒரே ஒரு தடவ மச்சான். எனக்குச் சோறு வேணாம், பேரு வேணாம். ஒரே ஒரு தடவ நான் சாவணும். நாலு பொம்பளைங்க எனக்காக அழுவணும். அத நான் காதால கேக்கணும். நெசமாச் செத்தா கேக்க முடியாதே!"

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன். ஆனால் அதற்குப் பிறகு கரும்புக் காட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே யாரோ ஹாபீலின் பாட்டை ஏற்றம் இறைக்கிற குரலில் பாடிப் பழகுவதைக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குள்தானே பாடக் கூடாது, கரும்புக் காட்டுக்குச் சட்டம் இல்லை. அறுபது வயதை நெருங்கும் மனிதன் சாவதற்கு இப்படிப் பாடுபட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆசையை நிறைவேற்றி வைத்தது அவன் முதுகுதான். ஒருநாள் ஐந்தாம் சுற்றில் சடக்கென்று ஒரு சத்தம். நான் கரும்பு ஒடிந்தது என்று நினைத்தேன். எலும்பு வைத்தியர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இனிமே ஒரு வாத்து வரைக்கும் தூக்கலாம்" என்றார். "கொழுத்த வாத்து கூடாது."

அடுத்த வாரம் நஜா ஹம்தான் என்ற ஊரில் பாட்டு ஒப்புக்கொண்டிருந்தோம். நிலத்தைத் தகப்பனே உயிரோடிருக்கும்போது பிரித்துக் கொடுத்துவிட்டார். மிச்சம் ஒரே ஒரு எருமை. மூத்தவன் கலஃப், இளையவன் மஹ்ரான். எருமைக்காக இருவருக்கும் நாற்பது நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே வாசலுக்கு நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள். போகாமல் இருக்க முடியாது.

"நான் செத்துக்கறேன். நீ தூக்கு" என்றான் ரஷ்வான் தம்பியிடம். குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. பெண் கேட்கப் போகிறவனின் நடுக்கம்.

"சரிண்ணே" என்றான் பகீத். அவன் எதற்கும் மறுத்துப் பேசுகிறவன் இல்லை. அதுவும் அண்ணனுக்கு எரிச்சல்தான்.

"பாட்டு தெரியுமாடா?"

"முப்பத்தியோரு வருஷமா உன் முதுகுலதானண்ணே கெடக்கேன், தெரியாமயா?"

எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. அவன் அங்கே தூங்கிக்கொண்டிருந்தான் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை.

நஜா ஹம்தானில் அஸர் முடிந்து கூட்டம் கூடியது. முன்வரிசையில் கலஃபும் மஹ்ரானும், நடுவில் கயிறு. பின்னால் எருமையையே கொண்டுவந்து கட்டியிருந்தார்கள், வழக்கில் அதுவும் ஒரு கட்சிதானே. ஆதமின் பிள்ளைகளாக வேஷம் கட்டுவது தகாது என்று சொல்லிக்கொண்டே அந்த ஊர் இமாம் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். மாடியில் பெண்கள். இறந்தவரின் மனைவி ஹாஜா ஷஃபீக்கா எல்லோருக்கும் முன்னால், கையில் நெய் அப்பத் தட்டோடு.

ரஷ்வான் ஹாபீலாகப் பாட ஆரம்பித்தான். கரும்புக் காட்டில் பழகிய அத்தனையும் போட்டுப் பாடினான். கண்ணில் நீர் வரப் பாடினான். மாடியிலிருந்து ஒருத்தி சொன்னது கீழே எல்லோருக்கும் கேட்டது: "இந்த ஹாபீலு கொஞ்சம் வம்புக்காரனாத் தெரியறானே."

"அந்தக் குண்டு அண்ணன என்ன சொல்லிச் சீண்டினானோ" என்றாள் இன்னொருத்தி.

பகீத் சுரைக்குடுக்கையைத் தூக்கினான். அவனுக்கு அடிக்க மனம் வரவில்லை. தொட்டுவிட்டு, "வலிக்குதாண்ணே?" என்று கேட்டான். ரஷ்வான் பல்லைக் கடித்துக்கொண்டு தானே விழுந்து செத்தான்.

ஒருத்தியும் அழவில்லை. மாடியில் யாரோ தும்மினார்கள். நான் துணியைச் சுற்றும்போது ரஷ்வான் உதடு அசையாமல் கேட்டான்: "யாராச்சும் அழுதாங்களா?"

"இனிமேதான் அழுவாங்க, படு" என்றேன். இன்றைக்குக் குறட்டையை மறைக்கத் தப்பு தேவைப்படாது என்று, அப்போதே கறுப்பு அங்கியை எடுத்துக்கொண்டு ரொட்டி அடுப்புக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டேன். அடுப்புச் சுவரில் ஒரு விரிசல். அதில் கண்ணை வைத்தேன்.

பகீத் அண்ணனை முதுகில் ஏற்றிக்கொண்டு முதல் சுற்று வந்தான். பாட்டு அருமை. சுற்று முடிந்தது. கூட்டம் எழுந்து நின்று கேட்டது, "காபீலே, உன் தம்பி எங்கே?"

பகீத் திருதிருவென்று விழித்தான். "இது தம்பி இல்லீங்க" என்றான். "அண்ணன்."

பிறகு மாடியில் யாரோ விசும்பினார்கள். "பித்துப் பிடிச்சிருச்சு அவனுக்கு, பாவம்! யாரக் கொன்னோம்னே தெரியல!"

இரண்டாம் சுற்றுக்கு அவன் முதல் சுற்றுப் பாட்டையே பாடினான். மூன்றாம் சுற்றுக்கும் அதையே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்! முதல் சுற்றுக்கு மேல் அவன் ஒருநாளும் விழித்திருந்ததில்லை. நான்காம் சுற்றில் பாட்டே இல்லாமல் சும்மா நடந்தான். மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று வந்தது. கூட்டம் மறுபடி கேட்டது. அவன் நடுவாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "யா ரப், எனக்கு ஒண்ணுமே தெரியலியே!" என்று அலறினான்.

நடிப்பு இல்லை, உண்மை. மாடி மொத்தமும் உடைந்துவிட்டது. இமாமே தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்தார். ஹாஜா ஷஃபீக்கா தட்டோடு கீழே ஓடிவந்து பகீத்தின் வாயில் நெய் அப்பத்தை ஊட்டினாள். "சாப்புடு தங்கம். அவன் போயிச் சேர்ந்துட்டான். நீ ஏன் ஒடம்பக் கெடுத்துக்கற?"

முப்பத்தொரு வருடத்தில் காபீலுக்கு யாரும் ஒரு பேரீச்சங்கொட்டை கொடுத்ததில்லை, எறிந்திருக்கிறார்களே தவிர. பிணம் துணிக்குள் விறைத்துக்கொண்டது எனக்கு விரிசல் வழியாகத் தெரிந்தது.

நான் போயிருக்கலாம். ஆனால் காகம் எப்போது வர வேண்டும் என்பதற்கு ஒரு வரி உண்டு. "இறக்கி வைக்க இடம் காட்டு" என்று காபீல் பாடினால்தான் வரலாம். கூப்பிடாமல் வந்தால் அது இறைவன் அனுப்பிய காகம் இல்லை, அப்பம் தேடி வந்த காகம். அடியெடுத்துக் கொடுக்கலாம் என்றால், பேசுகிற காகத்தை எந்த வேதத்திலும் நான் கேட்டதில்லை. ஆக, பகீத் இறக்கி வைக்கவும் முடியாது, பாட்டை முடிக்கவும் முடியாது. வெயில் பேரீச்சை மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. மக்ரிபுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தால் அதிகம். முடிக்காமல் விட்டால் பாட்டு பலிக்காது. கயிறு அவிழாது.

முழுப் பாட்டும் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் செத்துப்போயிருந்தான்.

அவன் நினைத்தது எனக்கு நன்றாகவே தெரியும், பிறகு அவனே சொன்னான். தம்பி நடுவாசலில் நின்று விழிக்கட்டும், ஊர் முழுக்கப் பார்க்கட்டும், இதுதான் நியாயம், படைத்தவன் தாமதமாகவாவது கணக்கைத் தீர்க்கிறான் என்று நினைத்தானாம். ஹாபீல் பேசினால் பாட்டு கெட்டுவிடும், முப்பத்தொரு வருடம் காத்திருந்து கிடைத்த சாவும் பாழாகும். அதனால் கட்டையாகக் கிடந்தான். கால் கட்டைவிரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஐந்தாம் சுற்றில் பகீத்துக்குக் கால் பின்னியது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அவன் தலையைத் திருப்பி எதையோ முணுமுணுத்தான். எனக்குக் கேட்கவில்லை. ரஷ்வான் சொல்லித்தான் தெரியும்.

"அண்ணே, நான் விழப்போறேன். உனக்கு அடிபட்ரும். மெல்லக் குதிச்சிரு, பாட்டு போனாப் போவுது."

ரஷ்வான் கண்ணைத் திறந்தான். பிறகு வெள்ளைத் துணிக்குள்ளிருந்து, செத்துப்போன ஹாபீல், தன் ஏற்றம் இறைக்கிற குரலை எடுத்து, கொன்றவனின் பாட்டைப் பாடினான்:

*என் தோளில் இருக்கிறான், எடையாய் இருக்கிறான்…*

கூட்டம் எழுந்துவிட்டது. "பொணம் பாடுது!" என்றது. "தோள்ல இருக்கறது இவன், இவன் யாரத் தோள்ல வச்சிருக்கான்?" என்றது. இமாம் ஒரு கையைத் தூக்கி, "இது ஆகாது, இது ஆகாது!" என்றார். உடனே அவர் பக்கத்தில் இருந்தவர், "மறுமையில கொலையுண்டவன் பேசுவான்ல ஷேக், இவன் கொஞ்சம் முன்னாடி பேசறான்" என்றார். இமாம் யோசித்தார். யோசிக்கட்டும் என்று ரஷ்வான் காத்திருக்கவில்லை. ஆறாம் சுற்று, ஏழாம் சுற்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் பாடினான். நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று முதுகில் கிடந்த பிணம் பாட, தூக்கியவன் வாயில் அப்பத்தோடு தலையை ஆட்டிக்கொண்டு தள்ளாடினான். எருமைகூட எழுந்து நின்று பார்த்தது.

முன்வரிசையில் மூத்தவன் கலஃப் காதைப் பொத்திக்கொண்டான். "டேய் மஹ்ரான், இது எப்பத்தான்டா முடியும்? யாரு யாரக் கொன்னாங்கன்னே புரியல. எருமைய நீயே வச்சுக்க. எறக்கிவிடச் சொல்லுடா அந்தாளுங்கள!"

"எனக்கு வேணாம், நீயே வச்சுக்க!" என்று கத்தினான் மஹ்ரான். "அந்தக் குண்டு மனுசன் செத்துருவாருண்ணே!" நாற்பது நாள் கழித்து இருவரும் பேசிய முதல் பேச்சு அது. கயிறு எப்போது அறுந்தது, யார் காலில் மாட்டி அறுந்தது என்று எனக்குத் தெரியாது.

அதற்குள் அந்த வரி வந்துவிட்டது.

*மண்ணும் ஏற்கவில்லை, விண்ணும் ஏற்கவில்லை,*
*என்னிடமே தந்துவிட்டாய், இறக்கி வைக்க இடம் காட்டு!*

நான் அடுப்புக்குப் பின்னாலிருந்து பறந்தேன். அறுபது வயதுக் காகம் எவ்வளவு பறக்குமோ அவ்வளவு. நடுவாசலில் முழந்தாளிட்டு இரண்டு கையாலும் மண்ணைக் கிளறினேன். நாலு விரல் ஆழம் வந்திருக்கும். பகீத் அண்ணனை அதில் மெதுவாகக் கிடத்த வேண்டும். கிடத்தக் குனிந்தவன் குனிந்தபடியே போய் விழுந்தான். ரஷ்வான் மேலே, பகீத் கீழே, நான் தோண்டிய குழியில் இருவருமாகக் கிடந்தார்கள். இப்படி ஒன்று பாட்டில் இல்லை. பள்ளிவாசல் கோபுரத்தில் பாங்கு சொல்லும் முஅத்தின் தொண்டையைச் செருமுவது கேட்டது. நான் என்ன செய்வேன்? இரண்டு பேர் மேலும் மண்ணைத் தூவினேன்.

அப்போதுதான் மாடி கதறியது. முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. ஹாஜா ஷஃபீக்கா தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பகீத் நிஜமாகவே மூச்சடைத்துச் செத்துவிட்டான் என்று நினைத்துவிட்டார்கள். "ஐயோ, அந்த நல்ல மனுசன்! அந்தப் பால்முகம்! இந்த எலும்பனத் தூக்கித் தூக்கியே செத்தானே!" என்பதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மண் விழுந்த துணிக்குள் இருந்தவனுக்கு அழுகை மட்டும்தான் கேட்டிருக்கிறது.

துணி விலகியது. ரஷ்வானின் ஒரு கண் தெரிந்தது.

"மச்சான்" என்றான். "யாருக்குடா அழுவுறாங்க?"

காகம் பேசக் கூடாது என்பது சட்டம். பொய் சொல்லலாமா கூடாதா என்று கிழவர் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. மூடி மறைக்கச் சொல்லிக்கொடுக்கத்தானே அந்தக் காகத்தையே இறைவன் அனுப்பினான்.

"உனக்குத்தான்" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கு அடியிலிருந்து, மண்ணும் அப்பமும் நிறைந்த வாயோடு ஒரு குரல் வந்தது. "அண்ணே, எந்திரிண்ணே. என் கை மாட்டிக்கிட்டிருக்கு."

"சும்மா கெடடா" என்றான் ரஷ்வான். "அவங்க அழுது முடிக்கட்டும்."